பல்லாவரத்தில் ஒரு மாமரத்து யுகுலேலி

என் கணவருக்கு விடுமுறை கிடைக்கவில்லை. அதனால் சிங்கப்பூரிலிருந்து மெட்ராசுக்கு நான் மட்டும் புறப்பட்டேன். கூடவே ஒரு யுகுலேலியும் வந்தது.

யுகுலேலியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்வதென்றால், கிடாரைத் துவைத்துக் காயப்போட்டதில் சுருங்கிவிட்டதுபோல் இருக்கும். நான்கே தந்திகள், அதுவும் நைலான். ஹவாய்த் தீவுக்காரர்களின் வாத்தியம். அதை நான் சுமந்து போனது என் நாத்தனார் சாந்திக்காக.

சாந்தி கிழக்குத் தாம்பரத்தில், சேலையூரில் ஒரு நர்சரிப் பள்ளி டீச்சர். கல்லூரி நாளிலிருந்தே கிடார் வாசிப்பவள். பள்ளியில் பாட்டு வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிள்ளைகளுக்குப் பாட்டு, எல்லாம் அந்தக் கிடாரோடுதான். ஒரு நாள் குரோம்பேட்டையில், நிற்பதுபோல் நின்று சட்டென்று கிளம்பிய பஸ்ஸின் படியிலிருந்து விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் மணிக்கட்டு முன்போல் வளையவில்லை. கிடாரின் அகலமான கழுத்தைச் சுற்றி விரல்களைக் கொண்டுபோக முடியாமல் போனது.

விஷயம் தெரிந்ததும் என் கணவர், ஊருக்குப் போகிற ஒருவரிடம் சின்ன யுகுலேலி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அது பாதி வாத்தியம், பாதி பொம்மை. "ரொம்ப அழகா இருக்கு அண்ணா" என்று சாந்தி போனில் சொன்னாள். அவள் அழகைப் பற்றி மட்டும் பேசியதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. இந்த முறை என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "டெனர் சைஸ் வாங்கு. நிஜ மரமா இருக்கணும், ஒட்டுப்பலகை வேண்டாம்." டெனர் என்பது கொஞ்சம் பெரிய வகை. வீணையில் இருப்பதுபோல் கழுத்தில் பதித்த மெட்டுகள் அதில் தள்ளித் தள்ளி இருக்கும், பெரியவர்களின் விரல்கள் ஒன்றையொன்று இடிக்காது. கடைக்காரர் "முழு மரம்தான், சந்தேகமே வேண்டாம்" என்றார். பளபளப்பாக இருந்தது. அதற்குமேல் எனக்கு என்ன தெரியும்?

விமானத்தில் மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். பெட்டிகளோடு பெட்டியாகக் கீழே அனுப்பிவிட்டார்கள்.

மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி உறையின் மேல் தட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, குட்டி கிடாரா? குழந்தைக்கா?"

"இல்ல சார், நாத்தனாருக்கு."

அவர் சிரித்துவிட்டு, திறக்காமலே போகச் சொன்னார். திறந்திருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

வெளியே சாந்தி ஒரு அம்பாசிடர் டாக்சியோடு நின்றிருந்தாள். அவளை நான் அதற்கு முன் பார்த்தது என் கல்யாண வரவேற்பில், மாலைகளுக்கு நடுவில். மெலிந்த உயரமான பெண். இடது கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்திருந்தது.

"எதுக்கு டாக்சி? பஸ் எடுத்திருக்கலாமே" என்றேன்.

"பஸ்ஸை எங்கேர்ந்து அண்ணி எடுக்கிறது? டெப்போலேர்ந்தா?" என்று சிரித்தாள். சிங்கப்பூரில் நாங்கள் பஸ்ஸை எடுப்போம், இங்கே பஸ்ஸில் போகிறார்கள். அந்த ஒரு வாரமும் என் தமிழ் அவளுக்கு நல்ல பொழுதுபோக்கு.

குரோம்பேட்டை தாண்டும் முன்பே டாக்சியின் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. டிரைவர் பதறவே இல்லை. "இன்னா பண்றது, வெயில்ல அதுக்கும் தாகம் எடுக்குதும்மா" என்று சொல்லிவிட்டு, டீக்கடையில் ஒரு குடம் தண்ணீர் கேட்டு வாங்கி ஊற்றினார். வண்டி ஆறும்வரை ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் கீரை வடை தின்றோம். எங்கள் ஊரில் வண்டி நின்றால் இழுத்துப்போக ஆள் வரும், வடை வராது.

வீட்டில் அத்தை, அதாவது என் மாமியார், சுடச்சுட இட்லியும் வடைகறியும் எடுத்து வைத்திருந்தார். நான்தான் பொறுக்காமல் உறையைத் திறந்தேன். கழுத்து ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாகக் கிடந்தன. மேல்பலகை குறுக்கே பிளந்திருந்தது. ஏதோ கனமான பெட்டி மேலே விழுந்திருக்க வேண்டும்.

சாந்தி உடைந்த துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அண்ணி, இங்க பாருங்க. உடைஞ்ச ஓரத்துல மூணு அடுக்கு தெரியுதா? மேலயும் கீழயும் மெல்லிசா நல்ல மரம், நடுவுல ஏதோ வெள்ளை மரம். இது ஒட்டுப்பலகைதான்."

"முழு மரம்னு சொன்னானே!"

"உடைக்காம பாக்கணும்னா நடுவுல இருக்கிற இந்த ஓட்டையோட விளிம்பைப் பாக்கணும். முழு மரம்னா மேல ஓடுற ரேகை அப்படியே விளிம்புல மடிஞ்சு உள்ள போகும். இது கேக் மாதிரி அடுக்கடுக்கா நிக்கும்." துண்டைப் பக்குவமாக உறைக்குள் வைத்தாள். "விடுங்க அண்ணி. நீங்க பத்திரமா வந்தீங்களே, அது போதும்."

அவள் முகத்தில் வருத்தத்தைத் தேடினேன். அங்கே இருந்தது வேறு ஏதோ. அது என்னவென்று அன்றைக்கு எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் அவளோடு பள்ளிக்குப் போனேன். காம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, வேப்பமரத்தடியில் இரண்டு ஓட்டுக் கட்டடங்கள். சாந்தி மேஜையை ஸ்கேலால் தட்டித் தாளம் போட, பிள்ளைகள் மழையைப் பற்றி ஒரு பாட்டைப் பாடினார்கள். பாடினார்கள் என்பதைவிடக் கத்தினார்கள் என்பது சரி. ஆளுக்கொரு சுருதி. மழைக்குப் பதில் வெள்ளமே வந்துவிட்டது.

இடைவேளையில் தலைமை ஆசிரியை எனக்கு டீ கொடுத்தார். நல்ல மனிதர். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சாந்தி அருமையான டீச்சர். ஆனா பாட்டு கிளாஸ் இப்படியே போக முடியாது பாருங்க. ஜூன்லேர்ந்து ஆர்மோனியம் வாசிக்கிற ஒருத்தரை வெச்சுக்கலாம்னு இருக்கேன். அவகிட்ட இன்னும் சொல்லலை" என்றார்.

சாந்தியிடம் நானும் சொல்லவில்லை. ஆனால் திரும்பி வரும்போது, "மெட்ராஸ்ல வேற எங்கயாவது இது கிடைக்குமா?" என்று கேட்டேன்.

"மவுண்ட் ரோடு கடையில கிடார் கிடைக்கும். இது கிடைக்காது. நாளைக்கு வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தை இருக்கு. அங்க கிடைக்காத பொருளே கிடையாதுன்னு சொல்வாங்க. சும்மா சுத்திப் பாக்கலாம், வாங்க" என்றாள். சும்மா என்ற சொல்லை அழுத்திச் சொன்னாள்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு என்னை மின்சார ரயிலில் கூட்டிப்போனாள். எங்கள் ஊர் ரயிலில் கதவு மூடிய பிறகுதான் வண்டி நகரும். இங்கே கதவென்பது காற்று வாங்கும் இடம். பெண்கள் பெட்டியில் ஊக்கு, ஹேர்பின், கொய்யாப்பழம், எல்லாம் நம்மைத் தேடி வந்தன. எதிரே இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று சாந்தியைக் கேட்டேன். "மருமக வெச்ச குழம்பு நல்லா இருந்துச்சாம். அதுதான் அந்த அம்மாவுக்குப் பிரச்சினை" என்று என் காதில் சொன்னாள். பல்லாவரம் நெருங்கும்போது தோல் பதனிடும் வாடை வந்தது. பெட்டியில் யாரும் மூக்கைப் பொத்தவில்லை. நானும் பொத்தவில்லை, மரியாதைக்காக.

சந்தை ஒரு பெரிய வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டியதுபோல் இருந்தது. புறாக்கள், மீன் தொட்டிகள், பித்தளைக் குழாய்கள், கைப்பிடி இல்லாத கோப்பைகள், கோப்பை இல்லாத கைப்பிடிகள். பழைய மின்விசிறிகளுக்கு நடுவே தொங்கிய ஒன்றை முதலில் பார்த்தது நான்தான். நான்கு தந்திகள்! ஆனால் மேலே பச்சை பெயிண்டில் கிளி. ஓட்டையின் விளிம்பைப் பார்த்தேன். கேக். கழுத்து வேறு முன்னால் வளைந்திருந்தது.

"கையில எட்து வாசிச்சுப் பாருக்கா, இன்னா யோசிக்கிற?" என்றார் கடைக்காரர்.

"இது வேணாங்க. இதே மாதிரி நல்ல மரத்துல செஞ்சது இருக்கா?"

"நல்லதா? கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு சட்டக்கார மேடம் வூட்டக் காலி பண்ணிகினு ஆஸ்திரேலியா போவுது. இந்த ஃபேனெல்லாம் அவங்க வூட்டுதுதான். அங்க இதே மாரி ரெண்டு மாட்டிக் கீது. கேட்டேன், தரல. நீங்க போயி கேளுங்க." சட்டக்காரர் என்றால் ஆங்கிலோ இந்தியர் என்று சாந்தி எனக்கு விளக்கினாள்.

ஆட்டோவில் போனோம். பாதி வழியில் பின்சக்கரம் காற்றுப் போய் உட்கார்ந்துகொண்டது. மீதித் தூரத்தை நடந்தோம். ஓட்டு வீடுகள், கொன்றை மரங்கள், சந்தைச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு அமைதி. சாந்தி இரண்டு முறை, "திரும்பிடலாமா அண்ணி? தெரியாதவங்க வீடு" என்றாள். நான் கேட்காததுபோல் நடந்தேன்.

கதவைத் திறந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. பூப்போட்ட கவுன், நெற்றியில் தூக்கிவிட்ட கண்ணாடி. பெயர் டோரீன். எங்கள் மூச்சிரைப்பைப் பார்த்து முதலில் எலுமிச்சைச் சாறு கொடுத்தார், பிறகுதான் யாரென்று கேட்டார். "நான் சிங்கப்பூர், இது என் நாத்தனார். சேலையூர்ல வேப்பமரத்து நர்சரி ஸ்கூல் டீச்சர்" என்று சொன்னேன். கேட்க வந்ததையும் சொன்னேன்.

அறை முழுக்கக் கட்டிய பெட்டிகள். சுவரில் மட்டும் இரண்டு யுகுலேலிகள். அவருடைய கணவர் ஹெரால்டு கப்பலில் இஞ்சினியராக இருந்தவராம். இரண்டும் அவர் ஹொனலூலுவில் வாங்கியவை. இப்போது அவர் இல்லை. மகன் பெர்த் நகரத்தில் இருக்கிறான்.

"பாரு டார்லிங், நல்லாப் பாரு" என்று இரண்டையும் கட்டிலில் வைத்தார்.

ஒன்று கண்ணைப் பறித்தது. விளிம்பெல்லாம் சிப்பி பதித்து, கண்ணாடிபோல் மெருகு. இன்னொன்று பழுப்பு நிறம், கொஞ்சம் பெரியது, அலங்காரம் எதுவும் இல்லை, முகத்தில் ஒரு கீறல். நான் சிப்பி வைத்ததை எடுத்தேன். சாந்தி என்னைப் பார்த்தாள். விளிம்பைப் பார்த்தேன். ஓட்டையின் ஓரத்தில் அடுக்கு இருந்தது. கீழே வைத்தேன்.

பழுப்பு நிற யுகுலேலியை நான் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். மேலே ஓடிய ரேகை விளிம்பில் மடிந்து உள்ளே இறங்கியது. முதுகில் ஒரு கரிய கோடு. ஓட்டை வழியாக உள்ளே பார்த்தால் அதே கோடு அதே இடத்தில்! சாந்தி கழுத்தை ஒரு கண்ணால் நீளவாக்கில் பார்த்தாள். நேராக இருந்தது. மெட்டுகளின் ஓரத்தை விரலால் தடவினாள். எதுவும் குத்தவில்லை. உடம்பின் மேல் லேசாகத் தட்டினாள். சின்னத் தவில்போல் ஒரு பதில் வந்தது.

"என்ன மரம்?" என்று கேட்டேன்.

"மேங்கோ. ஹெரால்டு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கப்பல் ஏறி அவ்ளோ தூரம் போயி மாமரம் வாங்கிட்டு வந்தேன்னு" என்றார் டோரீன்.

"வாசிச்சுப் பாரு" என்று சாந்தியிடம் நீட்டினேன். அவள் கையைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். "நீங்க வாசிங்க அண்ணி."

சிங்கப்பூர்க் கடைக்காரர் சொல்லித்தந்த ஒரே ஒரு விரல் பிடிப்பு எனக்குத் தெரியும். அதைப் பிடித்துத் தந்திகளைத் தடவினேன். வருஷக்கணக்காகத் தொடாத தந்திகள், நான்கும் நான்கு திசையில் போயின. நான் விடாமல் மறுபடி தடவினேன். சாந்தியின் முகம் சுருங்கியது. மூன்றாம் முறை அவளால் பொறுக்க முடியவில்லை.

"ஐயோ, குடுங்க அண்ணி" என்று பிடுங்கிக்கொண்டாள்.

சுருதி சேர்க்கத்தான் வாங்கினாள். திருகாணிகளைத் திருகி, காதருகே வைத்துக் கேட்டு, மறுபடி திருகினாள். சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு பிடிப்பைப் பிடித்தாள். இடது கை தானாக வெளியே வந்திருந்தது. மணிக்கட்டு வளையவில்லைதான். அந்த ஒடுங்கிய கழுத்துக்கு வளைய வேண்டிய அவசியமும் இல்லை. அடுத்த பிடிப்பு. அதற்கடுத்தது. "கிடார்ல பிடிக்கிற அதே மாதிரிதான் இருக்கு, ரெண்டு கம்பிதான் கம்மி" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள். பிறகு அந்த மழைப் பாட்டை வாசித்தாள், முழுவதும். அவ்வளவு சின்ன மரப்பெட்டி அந்த அறையை நிறைத்தது.

வாசித்து முடித்து நிமிர்ந்தபோது டோரீன் எங்களுக்கு முதுகைக் காட்டி ஜன்னலருகே நின்றிருந்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னது இது: "மன்னித்துக்கொள்ளுங்கள். அவர் போன பிறகு இதை யாரும் வாசிக்கவில்லை. இதன் குரல் எனக்கு மறந்தே போயிருந்தது. இதை என்னால் கொடுக்க முடியாது. அந்த இன்னொன்றை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்."

நான் வாய் திறப்பதற்குள் சாந்தி எழுந்துவிட்டாள். மாமரத்து யுகுலேலியைத் துணியால் துடைத்து, கட்டிலில் வைத்தாள். "பரவாயில்ல மேடம். வாசிக்க விட்டீங்களே, தேங்க்ஸ்" என்றாள். சிப்பி வைத்ததை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை முழுக்க மழை. மின்சாரமும் இல்லை. அத்தை மத்தியானமே படுத்துவிட்டார். நானும் சாந்தியும் சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். எனக்கு ஆற்றாமை அடங்கவில்லை.

"கொஞ்சம் கேட்டுப் பார்த்திருக்கலாம். ஸ்கூல் பிள்ளைங்களுக்குன்னு சொல்லியிருந்தா கொடுத்திருப்பாங்க. நீ பாட்டுக்கு எழுந்து வந்துட்டே."

"அவங்க வீட்டுக்காரரோடது அண்ணி. அதை எப்படிக் கேக்கிறது?"

"அப்போ உனக்கு அது வேணாமா?"

அவள் உரித்த தோலை ஒதுக்கினாள். "நீங்க கொண்டுவந்தது உடைஞ்சிருந்துச்சே, அப்போ எனக்கு நிம்மதியா இருந்துச்சு. தப்பா நினைச்சுக்காதீங்க. நல்ல வாத்தியம் கையில வந்தும் வாசிக்க முடியலன்னா, அப்புறம் சொல்லிக்க ஒண்ணுமே இல்லல்ல? கை போச்சுன்னு முடிவாயிடும். அதுக்குத்தான் பயந்தேன்." ஒரு காயை உரித்தாள். "நேத்து அந்த வீட்டை விட்டு வரும்போது அந்த நிம்மதி இல்ல. போயிடுச்சு. எனக்கு வாசிக்க வரும் அண்ணி."

அவள் அழுதாள். நான் பட்டாணியைத் தள்ளி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அந்தக் குடும்பத்தில் நான் ஒருத்தியைத் தொட்டு ஆறுதல் சொன்னது அதுதான் முதல் முறை. தலைமை ஆசிரியை சொன்னதையும் அப்போது சொல்லிவிட்டேன். "தெரியும். ஆர்மோனியக்காரர் எங்க சர்ச்தான், அவரே சொல்லிட்டார்" என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்து மட்டன் குழம்பு சாப்பிட்டோம். யுகுலேலி என்ற பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று போனேன். மறுநாள் எனக்கு விமானம். பாட்டு வகுப்பு. சாந்தி ஸ்கேலைக் கையில் எடுத்திருந்தாள். வாசலில் ஆட்டோ நின்றது. பூப்போட்ட கவுன் இறங்கியது, கையில் ஒரு கறுப்புப் பெட்டியோடு. வேப்பமரத்து நர்சரி என்று கேட்டு மூன்று பள்ளிகள் ஏறி இறங்கி வந்திருக்கிறார்.

"உள்ள வரலாமா?" என்றார் டோரீன். பிள்ளைகள் எழுந்து நின்று, இழுத்து இழுத்து, "குட் மார்னிங் மிஸ்" என்றார்கள்.

பெட்டியைச் சாந்தியின் மேஜையில் வைத்துவிட்டு, குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலி ஒன்றில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். "அன்னிக்கு வாசிச்சியே, அதை வாசி டார்லிங்" என்றார்.

சாந்தி பெட்டியைத் திறந்தாள். இடது கையைத் தலைப்பிலிருந்து வெளியே எடுத்தாள். முதல் மீட்டலிலேயே பிள்ளைகள் கத்தாமல் கேட்டார்கள். இரண்டாவது அடியில் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். அதே பாட்டு, அதே பிள்ளைகள். இப்போது எல்லோருக்கும் ஒரே மழை பெய்தது. சத்தம் மாறியதைக் கேட்டுத் தலைமை ஆசிரியை கதவருகே வந்து நின்றார். முடியும்வரை அங்கேயே நின்றார்.

டோரீன் எழுந்தார். சாந்தியின் கன்னத்தை ஒரு முறை தட்டினார். வெறுங்கையோடு வாசலைப் பார்த்து நடந்தார். சாந்திக்கு அது புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. "மேடம், மேடம்" என்று பின்னால் ஓடினாள். அவர் திரும்பாமலே கையை அசைத்தார். "கிளாஸைப் பாரு, பசங்க காத்துட்டு இருக்காங்க" என்றார்.

அத்தைக்கு மருந்து வாங்க நான் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அதனால் டோரீன் வந்த ஆட்டோவிலேயே ஏறிக்கொண்டேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. சைக்கிள்கள், லாரிகள், பால்வண்டி, எல்லாம் நெருக்கியடித்து நின்றன. நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவ பேர் என்ன?" என்று கேட்டார் டோரீன். நான் வெள்ளிக்கிழமை நாத்தனார் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவருக்கு அவள் டார்லிங், அவ்வளவுதான்.

"சாந்தி."

"சாந்தி" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு, "மழைக்காலத்தில ஈரம் படாம பெட்டியில வைக்கணும்னு சாந்திகிட்ட சொல்லு. வெயில்ல வைக்கக் கூடாது. ஆனா சுவத்துல மட்டும் மாட்டி வைக்க வேணாம்னு சொல்லு. நான் அப்படி வெச்சேன்" என்றார்.

சொல்கிறேன் என்றேன். செங்கல்பட்டுப் பக்கமிருந்து நீளமான வண்டி ஒன்று வந்து, நிதானமாக எங்களைக் கடந்து போனது. கேட் ஏறியது.